லினக்ஸ் பட்டறையில் அடித்த விண்டோஸ் கொலுசு: மின்ஜிடபிள்யூ-டபிள்யூ64, நாலு மாத அனுபவம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது காசு கொடுத்து வாங்கிய பொருளுக்கான விமர்சனம் இல்லை. டெபியன் லினக்ஸில் ஒரே ஒரு கட்டளையில் இறங்கிவிடும் மின்ஜிடபிள்யூ-டபிள்யூ64 என்ற கம்பைலர் (நாம் எழுதும் நிரலைக் கணினியில் ஓடும் ஃபைலாக மாற்றும் கருவி) தொகுப்பைப் பற்றியது. லினக்ஸில் உட்கார்ந்துகொண்டு விண்டோஸில் ஓடும் இஎக்ஸ்இ ஃபைலைச் செய்து கொடுக்கும், அதுதான் அதன் ஒரே வேலை. ஐந்துக்கு நாலு கொடுப்பேன். குறைத்த ஒன்றில் கால்வாசிதான் அதன் தப்பு, மிச்சம் என்னுடையது. ஆனால் என் தப்பை நான் தப்பென்று கண்டுபிடிக்க அது ஒரு விரலைக்கூட அசைக்கவில்லை, அந்தக் கோபம் இன்னும் கொஞ்சம் இருக்கிறது.

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் என் மாமாவுக்குச் சின்னதாக ஒரு கொலுசுப் பட்டறை. யாருக்கு எத்தனை கிலோ வெள்ளிக் கட்டி கொடுத்தது, என்ன டச் (வெள்ளியின் சுத்தம்), சேதாரம் எவ்வளவு, கூலி பாக்கி யாருக்கு என்று எல்லாமே அங்கே ஒரு பழைய கம்ப்யூட்டரில் எக்செல் ஃபைல்களாகக் கிடக்கும். விண்டோஸ் 7, அதுவும் 32 பிட், 2 ஜிபி ராம். மாற்றச் சொன்னால் மாற்ற மாட்டார், காரணமும் இருக்கிறது. எடைத் தராசோடு பேசும் பில்லிங் மென்பொருள் அதில்தான் ஓடும், அதை எழுதிக் கொடுத்தவர் தொழிலையே விட்டுவிட்டார். விண்டோஸ் 7-க்குப் பொதுவான பாதுகாப்பு அப்டேட் 2020 ஜனவரியோடு நின்றுவிட்டதால் அந்த மெஷினில் இன்டர்நெட் வயரைச் செருகவே கூடாது என்று நானே பிடுங்கி வைத்திருக்கிறேன்.

சனிக்கிழமை சாயங்காலம் ஆனால் அந்தக் கணக்கு ஃபோல்டரைப் பென் டிரைவில் போட்டுக்கொண்டு மாமா ஏற்காட்டுக்கு, நாகலூர் வீட்டுக்குக் கிளம்பிவிடுவார். ஞாயிற்றுக்கிழமை முழுக்க அங்கே உட்கார்ந்து கணக்குப் பார்ப்பார். போன பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை, இருபது கொண்டை ஊசி வளைவையும் சுற்றி மேலே போய் இறங்கிப் பார்த்தால் சட்டைப் பையில் பென் டிரைவ் இல்லை. பஸ் சீட்டின் இடுக்கில் விழுந்திருக்கிறது. இரண்டு நாள் கழித்துக் கண்டக்டர் பத்திரமாகக் கொடுத்துவிட்டார், நல்ல மனிதர். ஆனால் அந்த இரண்டு நாளும் மாமா தூங்கவில்லை. பென் டிரைவ் முந்நூறு ரூபாய், போனால் போகட்டும். உள்ளே இருக்கும் டச் கணக்கு பக்கத்துப் பட்டறைக்காரர் கண்ணில் பட்டால் அப்புறம் பேரமே பேச முடியாது.

"மாப்ள, பூட்டு மாதிரி ஒண்ணு பண்ணிக் குடுறா. ஃபைல இழுத்து அது மேல போட்டா பூட்டிக்கணும், அவ்ளோதான்."

அவ்வளவுதானாம்.

நியாயமாக நான் செய்திருக்க வேண்டியது, ஏற்கெனவே ஊர் உலகம் பயன்படுத்தும் கட்டற்ற மென்பொருள் ஒன்றை அப்படியே போட்டுக் கொடுப்பது. ஜிபிஜி4வின் நல்ல மென்பொருள், இலவசம், நம்பலாம். ஆனால் அதைத் திறந்தால் சான்றிதழ், பொதுச் சாவி, தனிச் சாவி என்று ஆரம்பிக்கும். மாமாவுக்குச் சாவி என்றால் பீரோ சாவி. அடுத்து ஏஜ் என்ற சின்ன கருவி, கோ மொழியில் எழுதியது. கோ மொழியில் இன்னொரு இயங்குதளத்துக்குக் கம்பைல் செய்வதைப் போல சுகம் வேறெதிலும் இல்லை, இரண்டு சூழல் மாறிகளை மாற்றி எழுதி என்டர் தட்டினால் முடிந்தது. சிக்கல் என்னவென்றால் கோ 1.21 பதிப்பிலிருந்து விண்டோஸ் 10-க்குக் கீழே ஆதரவு கிடையாது. பழைய 1.20-ஐத் தேடிப் பிடித்துக் கட்டலாம்தான், ஆனால் பூட்டு செய்யும் விஷயத்தில் பராமரிப்பு நின்றுபோன கம்பைலரை நம்ப மனசு வரவில்லை. ரஸ்ட் மொழியும் 1.78-லிருந்து அதே கதை.

ஆக, மிஞ்சியது சி மொழி. பூட்டுக்கு லிப்சோடியம். இதை அழுத்திச் சொல்கிறேன், குறியாக்கக் கணக்கு எதையும் நான் எழுதவில்லை, எழுதவும் கூடாது. டேனியல் பெர்ன்ஸ்டைன் குழுவின் என்ஏசிஎல் லைப்ரரியிலிருந்து ஃபிராங்க் டெனிஸ் கிளைபிரித்து, 2013-லிருந்து வளர்த்துவரும் லைப்ரரி லிப்சோடியம். ஐஎஸ்சி உரிமம், மூல நிரல் முழுக்கத் திறந்தே இருக்கிறது. பாஸ்வேர்டை ஆர்கான்2 மூலம் சாவியாக்கி, எக்ஸ்சாச்சா20-பாலி1305 ஓடையில் ஃபைலைத் துண்டு துண்டாகப் பூட்டுவது வரை எல்லாம் அதுவே பார்த்துக்கொள்ளும். நான் எழுதியது ஃபைலைத் திற, அதனிடம் கொடு, திரும்ப எழுது என்கிற முந்நூறு வரி. சொதப்பலும் சரியாக அந்த முந்நூறு வரியில்தான் நடந்தது.

சரி, பொருளுக்கு வருவோம்.

முழுத் தொகுப்பையும் போட்டால் 32 பிட், 64 பிட், சி++ என்று எல்லாம் வந்து குவியும். எனக்கு 32 பிட் சி மட்டும் போதும் என்பதால் ஜிசிசி-மின்ஜிடபிள்யூ-டபிள்யூ64-ஐ686 என்ற பேக்கேஜை மட்டும் போட்டேன். டெபியன் 12-ல் எந்தச் சண்டையும் இல்லாமல் உட்கார்ந்துகொண்டது. இதன் ஒரு பெரிய நல்ல குணம், டெபியன் 12-ல் வரும் தொகுப்பு செய்து தரும் இஎக்ஸ்இ பழைய எம்எஸ்விசிஆர்டி என்ற டிஎல்எல்லை (பல நிரல்கள் பங்கிட்டுக்கொள்ளும் துணை ஃபைல்) நம்பி ஓடுகிறது. அந்த டிஎல்எல் எல்லா விண்டோஸிலும் இருக்கும். அதற்குப் பதிலாக வந்த புதிய யூசிஆர்டி விண்டோஸ் 10-லிருந்துதான் கூடவே வருகிறது, விண்டோஸ் 7-ல் வேண்டுமென்றால் தனி அப்டேட் போட வேண்டும், மாமாவின் மெஷினில்தான் வயரே இல்லையே.

பெயர் வைத்திருக்கும் லட்சணத்தைத்தான் மன்னிக்க முடியவில்லை. 32 பிட் கம்பைலருக்குப் பெயர் ஐ686-டபிள்யூ64-மின்ஜிடபிள்யூ32. 64 பிட் கம்பைலருக்கு எக்ஸ்86_64-டபிள்யூ64-மின்ஜிடபிள்யூ32. அதாவது 32-ன் பெயரில் 64 இருக்கிறது, 64-ன் பெயரில் 32 இருக்கிறது. டபிள்யூ64 என்பது அந்தத் திட்டத்தின் அடையாளம், மின்ஜிடபிள்யூ32 என்பது பழைய காலத்திலிருந்து ஒட்டிக்கொண்ட வால், இரண்டுக்கும் பிட் கணக்குக்கும் சம்பந்தம் இல்லை. முன்னால் இருக்கும் ஐ686 மட்டும்தான் நிஜம். முதல் நாள் பாதிப் பொழுது இதைப் புரிந்துகொள்வதிலேயே போனது.

அடுத்தது லிப்சோடியத்தைக் கட்டும்போது கேட்கும் பில்ட், ஹோஸ்ட், டார்கெட் என்ற மூன்று. இதைக் குழப்பிக்கொள்ளாத ஆளை நான் பார்த்ததில்லை. ஹோஸ்ட் என்றால் நம் வீட்டு மெஷின் என்றுதான் யாருக்கும் தோன்றும், ஆனால் அது இல்லை. சேலத்துக்காரர்களுக்கு இதைச் சுலபமாகச் சொல்லலாம். கொலுசு அடிப்பது செவ்வாய்ப்பேட்டையில், மாட்டப்போவது வடநாட்டில் ஏதோ ஒரு பெண்ணின் காலில். பில்ட் என்றால் பட்டறை. ஹோஸ்ட் என்றால் கால். டார்கெட் என்பது கம்பைலரையே கம்பைல் செய்கிறவர்களுக்கானது, அதாவது கொலுசு இல்லை, கொலுசு அடிக்கும் மெஷினைச் செய்து அனுப்புகிறவர்களுக்கு. நமக்கு அது வேண்டாம், தொடக் கூடாது. ஹோஸ்ட் என்ற இடத்தில் ஐ686 பெயரைக் கொடுத்தேன், கன்ஃபிகர் ஓடியது, மேக் ஓடியது, டீ ஆறுவதற்குள் விண்டோஸுக்கான லிப்சோடியம் தயார். ஒரு எரர் இல்லை. லிப்சோடியத்துக்கு இதில் பாதிப் புகழ் சேர வேண்டும், வேறு எந்த லைப்ரரியையும் சாராமல் தனியாக நிற்கிறது.

ஒரு விஷயம், மூல நிரலை இறக்கியதும் கையொப்பத்தைச் சரிபார்த்துவிட்டுத்தான் கட்ட ஆரம்பித்தேன். கூடவே மினிசைன் கையொப்பமும் ஜிபிஜி கையொப்பமும் கொடுக்கிறார்கள். பூட்டு செய்யும் இரும்பையே யார் கொடுத்தது என்று பார்க்காமல் பூட்டு செய்வதில் அர்த்தம் இல்லை.

ஜிபிஜி4வின்னுக்குள் இருக்கும் குனூபிஜியையும் இதே மாதிரி கட்டிப் பார்க்கலாமே என்று ஓர் ஆசையில் ஒரு ஞாயிறு உட்கார்ந்தேன். அது வேறு மாதிரி. முதலில் லிப்ஜிபிஜி-எரர், அதன் மேல் லிப்ஜிகிரிப்ட், லிப்அசுவான், லிப்கேஎஸ்பிஏ, என்பிடிஎச், எல்லாவற்றுக்கும் மேலே குனூபிஜி. வரிசை ஒன்று மாறினாலும் நின்றுவிடும். கட்டும் நடுவிலேயே ஒரு சின்ன துணை நிரலைக் கம்பைல் செய்து, அதை அங்கேயே ஓட்டி, அதன் விடையை வைத்து மீதியைக் கட்டும் இடங்கள் இதில் உண்டு. அந்தத் துணை நிரலைப் பட்டறையின் கம்பைலரில் கட்ட வேண்டும், காலின் கம்பைலரில் கட்டினால் லினக்ஸில் ஓடாது. இதையெல்லாம் அவர்களே யோசித்து ஸ்பீடோ என்ற ஒரு பில்ட் முறையைக் கூடவே வைத்திருக்கிறார்கள், எல்லா லைப்ரரியையும் அதுவே இறக்கி வரிசையாகக் கட்டிக்கொள்ளும். விண்டோஸுக்கு என்று நாம் இறக்கும் குனூபிஜியும் இப்படி லினக்ஸில் மின்ஜிடபிள்யூ வைத்துக் கட்டியதுதான். விஎல்சி பிளேயரின் விண்டோஸ் பதிப்பும் அப்படித்தான். அவர்கள் கட்டிக் கையொப்பம் போட்டுக் கொடுப்பதை நான் திரும்பக் கட்டுவதில் கற்றுக்கொள்வதைத் தவிர லாபம் ஒன்றும் இல்லை, விட்டுவிட்டேன்.

என் முந்நூறு வரிக்குத் திரும்பினேன். முதல் சொதப்பல் இன்குளூட் பாதை, அதாவது லைப்ரரியின் ஹெடர் ஃபைல்களைக் கம்பைலர் எங்கே தேட வேண்டும் என்பது. டெபியனில் லிப்சோடியம் ஏற்கெனவே பேக்கேஜாக இருக்கிறதே என்று பழைய மேக்ஃபைலில் (கட்டும் கட்டளைகளை எழுதி வைக்கும் ஃபைல்) இருந்த லினக்ஸ் ஹெடர் பாதையை அப்படியே விட்டுவிட்டேன். விண்டோஸ் கம்பைலர் லினக்ஸின் ஹெடர்களைப் படித்துவிட்டு நூற்றுக்கணக்கில் எரர் கக்கியது. அந்த பேக்கேஜ் லினக்ஸுக்கானது, நாம் கட்டிய லிப்சோடியத்தைத் தனி ஃபோல்டரில் நிறுவி அதை மட்டுமே காட்ட வேண்டும். இந்த மாதிரி சத்தம் போடும் தப்பு எனக்குப் பிடிக்கும். உடனே தெரிந்துவிடும், திருத்திவிடலாம்.

இஎக்ஸ்இ வந்தது. லினக்ஸிலேயே விண்டோஸ் நிரல்களை ஓட்டும் வைனில் ஓட்டிப் பார்த்தேன். ஒரு நோட்பேட் ஃபைலைப் பூட்டினேன், திறந்தேன், ஒரு பைட் மாறாமல் வந்தது. சந்தோஷத்தில் அன்றைக்கே அஞ்சு ரோட்டில் தட்டுவடை செட் வாங்கிக்கொண்டு மாமா பட்டறைக்கே போய்விட்டேன்.

மாமாவின் மெஷினில் இழுத்துப் போட்டதும் வந்த முதல் பெட்டி: லிப்எஸ்எஸ்பி-0 டிஎல்எல் இந்தக் கணினியில் இல்லை. ஸ்டாக் பாதுகாப்பு வேண்டும் என்று மேக்ஃபைலில் நான் போட்டிருந்த ஃப்ளாக் கம்பைலரோடு வரும் ஒரு டிஎல்எல்லைக் கேட்கிறது. என் லேப்டாப்பில் கம்பைலர் இருந்ததால் வைன் பாதையில் அதை நானே எப்போதோ காட்டி வைத்திருக்கிறேன், மாமாவிடம் அது எங்கே இருக்கும்? ஸ்டேடிக் என்று ஒரு வார்த்தை சேர்த்தால் எல்லாவற்றையும் உள்ளேயே விழுங்கிக்கொண்டு ஒற்றை இஎக்ஸ்இயாக வந்துவிடும். இனிமேல் எதையும் கொடுப்பதற்கு முன் அந்தத் தொகுப்பிலேயே வரும் ஆப்ஜ்டம்ப் கருவியை ஓட்டி டிஎல்எல் பெயர்களை ஒருமுறை படித்துவிடுகிறேன். கெர்னல்32, அட்வாபி32, யூசர்32, எம்எஸ்விசிஆர்டி, இதைத் தவிர வேறு பெயர் கண்ணில் பட்டால் பென் டிரைவை எடுக்கவே மாட்டேன்.

வீட்டுக்குப் போய்த் திருத்தி, மறுநாள் கொண்டுவந்தேன். ஓடியது. மாமா ஒவ்வொரு ஃபைலாக இழுத்துப் போட்டார். பாஸ்வேர்டு கேட்டது, நாலைந்து விநாடி யோசித்தது (ஆர்கான்2-ஐ 256 எம்பி நினைவகம் சாப்பிடும் அளவில் வைத்திருக்கிறேன், திருடன் ஒவ்வொரு பாஸ்வேர்டாகப் போட்டுப் பார்ப்பதற்கும் அதே செலவு ஆகட்டும் என்று), பூட்டிவிட்டேன் என்று தமிழில் பெட்டி வந்தது. மாமா முகத்தில் வெளிச்சம்.

"பரவால்ல மாப்ள, பூட்டறது மட்டுமில்லாம நல்லா சுருக்கியும் குடுக்குதே!"

எட்டிப் பார்த்தேன். 412 கேபி இருந்த கணக்கு ஃபைல் பூட்டிய பிறகு 63 பைட். சரி, ஏதோ காலி ஃபைல் போல என்று அடுத்ததைப் பார்த்தால் அதுவும் 63 பைட். ஒரு எம்பிக்கு மேலே இருந்த வருஷக் கணக்கும் 63 பைட். அந்த ஃபோல்டரில் இருந்த பதினேழு ஃபைலும் அச்சில் வார்த்த மாதிரி 63 பைட். எனக்கு வயிற்றைக் கலக்கியது. நல்லவேளை, பூட்டியதும் மூல ஃபைலை அழிக்கும் வசதியை அடுத்த பதிப்பில் வைக்கலாம் என்று தள்ளிப் போட்டிருந்தேன்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். சால்ட் (பாஸ்வேர்டோடு கலக்கும் தற்செயல் எண்) 16 பைட், ஓடையின் தலைப்பு 24 பைட், ஒவ்வொரு துண்டுக்கும் முத்திரையாகச் சேரும் 17 பைட். மொத்தம் 57. ஆக, என் நிரல் ஒவ்வொரு ஃபைலிலிருந்தும் சரியாக ஆறே ஆறு பைட்டைப் படித்துவிட்டு, ஃபைல் முடிந்தது என்று நிம்மதியாகப் பூட்டியிருக்கிறது.

ஏன் ஆறு? பழைய எக்ஸ்எல்எஸ் ஃபைலை ஹெக்ஸ் எடிட்டரில் திறந்தால் முதல் எட்டு பைட் எப்போதும் ஒன்றேதான்: டி0, சிஎஃப், 11, இ0, ஏ1, பி1, 1ஏ, இ1. ஏழாவது பைட் 1ஏ, அதாவது கன்ட்ரோல்-இசட். ஃபைல் நீளத்தை 128 பைட் கட்டுகளாக மட்டுமே வைத்திருந்த சிபி/எம் காலத்தில், எழுத்து இங்கே முடிகிறது என்று காட்ட வைத்த குறி அது. அங்கிருந்து டாஸ், டாஸிலிருந்து விண்டோஸ் என்று பரம்பரைச் சொத்தாக வந்திருக்கிறது. சி மொழியில் ஃபைலைத் திறக்கும்போது வெறும் 'ஆர்' என்று கொடுத்தால் விண்டோஸ் அதை எழுத்து ஃபைலாக நினைத்து, 1ஏ வந்ததும் முடிந்தது என்று சொல்லிவிடும். 'ஆர்பி' என்று ஒரு 'பி' சேர்த்திருக்க வேண்டும். லினக்ஸில் அந்த 'பி' இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றுதான், எனவே இத்தனை வருஷத்தில் நான் அதை ஒழுங்காகப் போட்டதே இல்லை. எழுதும் பக்கம் மட்டும் 'பி' இருந்தது, அதுவும் எங்கிருந்தோ ஒட்டிய வரி என்பதால்.

எழுதும் பக்கம் அந்த 'பி' இல்லாமல் போயிருந்தால் பாதிப்பு இவ்வளவு மோசம் இல்லை. 0ஏ என்கிற ஒவ்வொரு பைட்டுக்கு முன்னாலும் விண்டோஸ் ஒரு 0டி சேர்த்திருக்கும். பூட்டிய ஃபைலில் 256-ல் ஒரு பைட் 0ஏவாக இருக்கும் என்பதால் 1 எம்பி ஃபைல் சுமார் 4 கேபி வீங்கும், திறக்கும்போது முத்திரை பொருந்தாமல் லிப்சோடியம் முகத்தில் அடித்த மாதிரி மறுத்துவிடும். ஆனால் படிக்கும் பக்கத்தில் நடந்தது அப்படி இல்லை. அந்த ஆறு பைட்டும் முறைப்படி பூட்டி, முறைப்படி முத்திரை குத்தி, திறந்தால் முறைப்படி ஆறு பைட்டாகவே வெளியே வரும். லிப்சோடியம் பார்வையில் எந்தக் குற்றமும் இல்லை. கொடுத்ததைப் பூட்டினேன், பூட்டியதைக் கொடுத்தேன் என்று சொல்லும், உண்மையும் அதுதான். மாமா ஏற்காட்டுக்குப் போய் ஞாயிற்றுக்கிழமை காலையில் திறந்து பார்த்திருந்தால்தான் தெரிந்திருக்கும்.

கம்பைலர் இதற்கு ஒரு வார்னிங்கூடக் கொடுக்காது. எல்லா வார்னிங்கையும் போட்டுத்தான் கட்டினேன், சுத்தமாக வந்தது. சி மொழி விதிப்படி அது தப்பே இல்லை என்பதால் அதைக் குறை சொல்லவும் வழியில்லை. வைனில் சோதித்தபோது ஒரு எக்செல் ஃபைலைப் போட்டுப் பார்த்திருந்தால் அங்கேயே மாட்டியிருக்கும், வைனும் இந்தப் பழக்கத்தை அப்படியே செய்கிறது, பிறகு போட்டுப் பார்த்தேன். நான் போட்டது நோட்பேட் ஃபைல். தமிழ் எழுத்தின் யூடிஎஃப்-8 பைட்டுகளில் 1ஏ வரவே வராது. பிஎன்ஜி படத்தைப் போட்டிருந்தாலும் தெரிந்திருக்கும், பிஎன்ஜியை வடிவமைத்தவர்கள் இந்த மாதிரி ஆட்களைப் பிடிப்பதற்கென்றே தலைப்பில் 0டி, 0ஏ, 1ஏ என்று வரிசையாக வைத்திருக்கிறார்கள். கெட்டிக்காரர்கள்.

இதை மாமாவிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்துவிட்டு, "மாமா, ஒரு சின்ன கோளாறுங்க, வீட்ல போய்ப் பாத்துட்டு வரேங்க" என்றேன். அவர் விடவில்லை. "நீயே உருக்கி நீயே டச் பாத்தியா? டச் கடைக்குக் குடுத்துப் பாக்க மாட்டியா?" என்றார். பதில் இல்லை.

'பி' போட்டாயிற்று. அதோடு, பூட்டியதும் உடனே தானே ஒருமுறை திறந்து மூல ஃபைலோடு பைட் பைட்டாக ஒப்பிட்டு, நீளமும் சரியாக இருந்தால்தான் "பூட்டிவிட்டேன்" என்று சொல்லும்படி மாற்றினேன். மூல ஃபைலின் நீளத்தை விண்டோஸிடமே தனியாகக் கேட்டு வாங்குகிறேன், என் படிக்கும் வரிகளை நானே நம்புவதில்லை.

மூன்றாவது தடவை வேறு வேடிக்கை. மாமா 'கொலுசு கணக்கு' என்று தமிழிலேயே பெயர் வைத்த ஒரு ஃபைலை இழுத்துப் போட்டார். பெட்டியில் வந்தது: ஆறு கேள்விக்குறி, ஒரு இடைவெளி, மறுபடி ஆறு கேள்விக்குறி, எக்ஸ்எல்எஸ், திறக்க முடியவில்லை. கண்ணுக்கு மூன்று எழுத்தும் நாலு எழுத்தும்தான், ஆனால் ஒருங்குறியில் உயிர்க்குறியையும் புள்ளியையும் தனித்தனியாக எண்ணினால் ஆறும் ஆறும் ('கொ'வின் கொம்பும் காலும் சேர்ந்து ஒரே குறி). நிரலைச் சாதாரண மெயின் என்று ஆரம்பித்தால் விண்டோஸ் ஃபைல் பெயரைப் பழைய கோட்பேஜில் (எழுத்துக்கு எண் கொடுக்கும் அட்டவணை) மாற்றிக் கொடுக்கும், தமிழுக்கு விண்டோஸில் அப்படி ஒரு கோட்பேஜே கிடையாது, ஒருங்குறி மட்டும்தான். எனவே எல்லா எழுத்தும் கேள்விக்குறி. விண்டோஸ் 10-ல் 1903 பதிப்பிலிருந்து ஒரு மேனிஃபெஸ்ட் சேர்த்து யூடிஎஃப்-8 கேட்டு வாங்கலாம், 7-ல் முடியாது. டபிள்யூமெயின் என்று மாற்றி, ஃபைல் திறப்பதையும் அகல எழுத்து வகையாக மாற்ற வேண்டும். இங்கே மின்ஜிடபிள்யூவுக்கு ஒரு குட்டு. டபிள்யூமெயின் எழுதினால் மட்டும் போதாது, எம்யூனிகோட் என்ற ஃப்ளாக்கையும் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் வின்மெயினைக் காணோம் என்று சம்பந்தமே இல்லாத ஒரு எரரைக் கொடுக்கும். நான் எழுதாத ஒன்றைக் காணோம் என்று தேடுகிறதே என்று ஒரு ராத்திரி முழுக்க முழித்துக்கொண்டிருந்தேன். ஐந்தில் குறைத்த ஒன்றில் அதன் பங்கு இதற்கும் அந்தப் பெயர் வைத்த லட்சணத்துக்கும்தான்.

தமிழில் செய்தி காட்டுவதற்குக் கறுப்பு ஜன்னலை நம்ப வேண்டாம், வெறும் கட்டமாக வரும். சாதாரண மெசேஜ் பாக்ஸில் போட்டால் லதா எழுத்துருவில் ஒழுங்காக வருகிறது, விண்டோஸ் 7-லும்கூட.

இதெல்லாம் முடிந்த பிறகு நாகலூர் வீட்டில் இருக்கும் லேப்டாப்பில், அது 64 பிட் விண்டோஸ், ஓர் ஆன்டிவைரஸ் என் இஎக்ஸ்இயைப் பார்த்த மாத்திரத்தில் அழித்துவிட்டது. "நீ குடுத்தது வைரஸாமேடா" என்று மேலிருந்து போன். ஊர் பேர் தெரியாத, கையொப்பம் இல்லாத சின்ன இஎக்ஸ்இ, ஃபைலைப் படித்துக் குறியாக்கம் செய்து எழுதுகிறது, ரேன்சம்வேர் செய்வதும் அதையேதான். அது பார்வையில் சந்தேகப்பட்டது நியாயம். விலக்குப் பட்டியலில் சேர்த்துவிட்டு வந்தேன். கையொப்பச் சான்றிதழுக்கு வருஷா வருஷம் பணம் கட்டும் அளவுக்கு இது தொழில் இல்லை.

ஒரு நல்ல விஷயமும் சொல்ல வேண்டும். மே மாத வெயிலில் சூரமங்கலத்தில் லேப்டாப்பை மடியில் வைக்க முடியாது, அதனால் ஒரு வாரம் நாகலூரில் உட்கார்ந்துதான் மீதி வேலையைப் பார்த்தேன். அங்கே மச்சானின் லேப்டாப்பிலும் டெபியன் 12 போட்டு, அதே நிரலை அதே கம்பைலரில் கட்டி, இரண்டு இஎக்ஸ்இக்கும் எஸ்எச்ஏ-256 (ஃபைலின் கைரேகை மாதிரி ஓர் எண்) எடுத்தால் வேறு வேறு. ஒரே நிரல் ஏன் வேறு வேறாக வருகிறது? இஎக்ஸ்இயின் தலைப்பில் கட்டிய நேரம் பதிவாகிறது, அவ்வளவே. நேரத்தைப் பதியாதே என்று, துண்டுகளை இணைத்து இஎக்ஸ்இ ஆக்கும் லிங்கருக்கு ஒரு ஃப்ளாக் கொடுத்ததும் சேலத்தில் கட்டியதும் ஏற்காட்டில் கட்டியதும் கடைசி பைட் வரை ஒன்றாக வந்தது. குறியாக்க மென்பொருளுக்கு இது பெரிய விஷயம். திறந்த மூலம் என்று சொல்கிறோமே, அந்த மூலத்திலிருந்துதான் இந்த இஎக்ஸ்இ வந்தது என்பதை யார் வேண்டுமானாலும் தன் வீட்டில் கட்டிப் பார்த்துச் சொல்லலாம். டோர் பிரவுசர்காரர்கள் தங்கள் விண்டோஸ் பதிப்பை இப்படித்தான் லினக்ஸில் கட்டி ஒப்பிடுகிறார்கள். மச்சானும் நானும் அந்த எஸ்எச்ஏ-256-ன் 64 எழுத்தை வாசித்து ஒப்பிட்டது, வெளியே மூடுபனி, உள்ளே இரண்டாவது சுற்று காபி, நாலு மாதத்தில் எனக்குப் பிடித்த சாயங்காலம் அதுதான்.

வேறு என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு: ஜிக் மொழியோடு வரும் ஜிக் சிசி ஒரே ஃபைலை இறக்கி உடனே ஓட்டலாம், பல இயங்குதளங்களுக்கும் கட்டும், ஆனால் அதற்குள்ளும் விண்டோஸுக்கான ஹெடர்கள் மின்ஜிடபிள்யூ-டபிள்யூ64-ன் ஹெடர்கள்தான். விண்டோஸ் 10, 11 மட்டும் போதும் என்றால் அதைப் பாருங்கள். விண்டோஸிலேயே கட்ட விரும்பினால் எம்எஸ்ஒய்எஸ்2, ஆனால் 32 பிட் விண்டோஸில் அதை நிறுவ முடியாது. பழைய மெஷின், இன்டர்நெட் இல்லை, ஒற்றை இஎக்ஸ்இ வேண்டும் என்று என்னைப் போல மாட்டிக்கொண்டவர்களுக்கு டெபியனின் இந்தத் தொகுப்புதான். கொடுக்கும் முன் அந்த மெஷினில், அந்த ஆளின் நிஜ ஃபைல்களை, அவர் வைத்த பெயரோடு, பூட்டித் திறந்து பாருங்கள். வைனில் நோட்பேட் ஃபைல் ஓடியது கணக்கில் சேராது.

பன்னிரண்டு சனிக்கிழமை ஆகிவிட்டது. பென் டிரைவ் ஒழுங்காக மேலே போய் ஒழுங்காகக் கீழே வருகிறது. நடுவில் ஒரு தடவை மறுபடியும் தொலைந்தது, இந்த முறை கிடைக்கவில்லை. மாமா புதுசாக ஒன்று வாங்கிக்கொண்டு அன்று ராத்திரி நன்றாகவே தூங்கியிருக்கிறார், அத்தை சொன்னார்.

இப்போது மாமாவின் மருமகன் ஆப்பிள் மேக் வாங்கியிருக்கிறாராம், அதிலும் இந்தப் பூட்டு திறக்க வேண்டுமாம். லினக்ஸிலிருந்து மேக்குக்குக் கட்ட ஆப்பிளின் எஸ்டிகே (மென்பொருள் கட்டுவதற்கான தொகுப்பு) வேண்டும், அதன் உரிமம் ஆப்பிள் மெஷினில்தான் பயன்படுத்தச் சொல்கிறது. கிராஸ் கம்பைல் எல்லாம் வேண்டாம், மெஷினையே கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன்.